பொதுச்சுவர்

"யாரு பார்த்த வேலை இது?" என்று பொரிந்து தள்ளினாள், பழைய மெதடிஸ்ட் ஆலயத்தைப் புதுப்பிக்க வந்திருந்த ஆர்க்கிடெக்ட் பெண். "ஆர்கனுக்குன்னே எதிர்ப்பக்கம் கல்மேடை கட்டியிருக்காங்க. அதை விட்டுட்டு இந்தச் சுவரோட ஒட்டி வச்சிருக்கீங்களே!"

ஆர்கன் வாசிக்கும் பெரியவர் தலையைச் சொறிந்தார். "நாலு வருஷமா இங்கதாம்மா இருக்கு. இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"அதெப்படி? சுவருக்கு அந்தப் பக்கம் போதகர் வீடு. அவர் நேரா உள்ளே வர அந்தக் காலத்துல இங்க ஒரு கதவு இருந்திருக்கு. அப்புறம் ஏனோதானோன்னு அடைச்சிருக்காங்க. நீங்க வாசிச்சா, பாவம், அவங்களுக்குக் காது கிழிஞ்சிடும்!"

காலையில் வாசலுக்கே வந்து வாய் நிறைய "வாம்மா" என்ற போதகரையும், முகம் காட்டாமல் காபித் தட்டை நீட்டிய அவர் மனைவியையும் நினைத்துக்கொண்டே அவள் சுவரைத் தட்டிப் பார்க்கப் போனாள்.

அந்தப் பக்கம் போதகரின் குரல் உறுமியது. பளாரென்று ஓர் அறை விழுந்தது. ஏதோ பாத்திரம் உருண்டது. "ஐயோ, வேணாங்க!"

தட்டப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஐயா... ஜெபத்துக்கு உக்காந்திருக்கிறவங்க எல்லாருக்கும் இது கேக்குமே!"

"அவர் வந்த மாசமே கேட்டுச்சும்மா" என்றார் பெரியவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கப்புறம்தான் சபை கூடிப் பேசி, ஆர்கனை இங்க மாத்தினோம்."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர், துதிப்பாடல் ஒன்றை உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.