மே மாதத்துக் கதிர்க்குருவி

குளிர்காலத்துக்கு வலசை வந்த கதிர்க்குருவி மே பாதி ஆகியும் வடக்கே போகாததைக் கொண்டாட, சென்னைப் பெரும்பூங்காவில் கேக் வெட்டினார்கள்.

"நம்ம பூங்கா ரெக்கார்டு, ஹேமலதா மேடம்! இவ்ளோ லேட்டா யாருமே பார்த்ததில்ல," என்றார் எங்கள் பறவைக் குழுத் தலைவர் பாலகுரு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் அளவுக் குருவி, அக்னி நட்சத்திர வெயிலில் வாயைப் பிளந்தபடி வேப்பங்கிளையில் உட்கார்ந்திருந்தது. பங்குனியிலேயே இமயமலைக்குக் கிளம்பியிருக்க வேண்டியது. எப்படிக் கிளம்பும்? பார்க்க வருகிறவர்கள் ஏமாறக் கூடாதென்று மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டி, வருஷம் முழுக்க அதன் இனத்துக் குரலையே ஓடவிட்டிருக்கிறார்கள். தன் குருவிக் கூட்டம் இன்னும் போகவில்லை என்று நம்பி அது காத்திருக்கிறது. போன வருஷம் இப்படித் தங்கியவை எல்லாம் ஏப்ரல் வெயிலிலேயே சுருண்டு விழுந்து செத்தன. அவை தங்கியதற்கும் இதே கேக்தான் வெட்டினார்கள்.

"இது ரெக்கார்டு இல்ல சார், கொலை!" என்று கத்திவிட்டு, மின்பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை இறக்கினேன்.

பூங்கா அடங்கியது. குருவி 'ச்சிவீ' என்று கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு எழும்பி, மரங்களுக்கு மேலே வடக்குப் பார்த்துப் பறந்தது. போ, திரும்பிப் பார்க்காமல் போ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அய்யய்யோ, வந்திருக்கிற குழந்தைங்க இன்னும் பாக்கலையே!"

என்று பதறிய பாலகுரு, அவசரமாகத் தன் போனை உயர்த்திப் பிடித்து, அதே குரலை ஓடவிட்டார்.

குருவி திரும்பி வந்து அவர் தலைக்கு மேலிருந்த கிளையிலேயே உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.