வித்தியாசம் இல்லை

குத்தாலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து சவரியம்மாளின் வயல் கறுத்துப்போனது. கம்பெனி அனுப்பிய நிபுணர் கிளாட்சன், அந்த மண்ணையும் எண்ணெய் படாத ஒரு வயலின் மண்ணையும் ஒப்பிட்டார்.

சராசரியைப் பார்க்கும் சோதனை வித்தியாசம் காட்டியது. அளவுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் சோதனையும் காட்டிக்கொடுத்தது. நடு மதிப்பை மட்டும் பார்க்கும் மூன்றாவது சோதனைதான் வித்தியாசம் இல்லை என்று அவர் மனமறிந்து நடந்துகொண்டது.

“ரெண்டு மண்ணும் ஒண்ணுதாம்மா” என்று அறிக்கையை நீட்டினார்.

“நாத்து கருகுதே, சார்?”

“அது நாத்தோட அபிப்பிராயம். இது புள்ளியியல்.”

மறுவாரம் அவர் மனைவி அனிட்டா போனில் கத்தினாள். “திருவிடைமருதூர்ல நம்ம வயலை வாங்க வந்தவர் வேணாம்னுட்டார்!”

“ஏனாம்?”

“உங்க அறிக்கையைப் படிச்சாராம். சுத்தமான மண்ணுன்னு நம்ம வயல்லேர்ந்துதானே அள்ளிட்டுப் போனீங்க? எண்ணெய் கொட்டின மண்ணும் அதுவும் ஒண்ணுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே!”