மிச்சமுள்ள நால்வர்

பதினாறு சொற்களை, ஒற்றுமை பார்த்து நான்கு நான்காகப் பிரிக்கும் விளையாட்டை மேகலா தினமும் காலையில் கைப்பேசியில் ஆடுவாள். மூன்று குழுக்களைப் பிடித்துவிட்டால் போதும், மிச்சமுள்ள நான்கும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். அதற்குமேல் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவை ஏன் சேர்ந்தன என்று திரையில் வரும் வரியை அவள் ஒருநாளும் படித்ததில்லை. இன்று அவள் வந்த பேருந்தை மறித்து, பயணிகள் பதினாறு பேரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் நான்கு நான்கு பேராகப் பொறுக்கி உள்ளறைக்கு அனுப்பினார். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. கடைசியில் மேகலாவும் முன்பின் தெரியாத மூவரும் மிஞ்சினார்கள். ஊர் எது, என்ன வேலை, யாருடைய சொந்தம் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தார்கள். எதுவும் ஒத்துவரவில்லை. கதவு திறந்து அதிகாரியின் தலை மட்டும் தெரிந்தது.

“உங்க நாலு பேர்ல ஒரு ஆள் மாறி உக்காந்திருக்கீங்க. யாருன்னு நீங்களே பேசிச் சொல்லிடுங்க.”

“மாறி வந்தவங்கள என்ன சார் செய்வீங்க?” என்றாள் மேகலா.

கதவு சாத்திக்கொண்டது. மற்ற மூவரையும் சேர்ப்பது எது என்று அவள் பதற்றத்தோடு தேடினாள். அதற்குள் அவர்கள் தங்கள் நாற்காலிகளை ஒன்றோடொன்று நெருக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.