பக்கத்துக் கல்

உயிரோடிருக்கும்போதே கல்லறையையும் அதன்மேல் படுத்த நிலையில் தங்கள் சிலையையும் செய்துவைப்பது ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்களின் வழக்கம். மனைவி மென்சியாவின் சிலையைப் பார்க்க பெர்மூதோ பிரபு வந்தார். வானம் பார்த்துப் படுத்திருக்க வேண்டிய சிலை, அவர் கொன்ற சொந்தத் தம்பியின் கல்லறைப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது.

“நான் நேராத்தான் செதுக்கினேன், பிரபு” என்றார் சிற்பி.

தம்பியின் கல்லறையை மறுபக்கம், தனக்கென விட்டிருந்த வெற்றுக் கல்லுக்கு அப்பால் மாற்றச் சொன்னார் பெர்மூதோ. மறுநாள் சிலையின் முகமும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

“என்னைத்தான் பாக்குறா” என்று அந்த வெற்றுக் கல்லில் ஏறி அவளருகே படுத்தார். அவள் பார்வை அவரைத் தாண்டிப் போனது. எழப் பார்த்தார். கால்கள் சில்லிட்டுக் கனத்தன.

“கொஞ்சம் அசையாம இருங்க, பிரபு” என்று சிற்பி உளியை எடுத்தார். “முகம் மட்டுந்தான் பாக்கி.”