ரெட் ரோடு வேண்டாம்

சௌரங்கி ரோட்டில் ஊர்வலம். டாக்ஸிக்காரர் என்னைக் கேட்காமலேயே வண்டியை ரெட் ரோட்டுக்குள் திருப்பிவிட்டார்.

பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருக்கு நூற்றிரண்டு வயது. காலையில் பாதிக் காபியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்றார். விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவி எண்பத்தாறு காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாலிகஞ்சில் எங்கள் வீட்டிலிருந்து அவருடைய ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். டாக்ஸியில் ஏற்றும்போது எண்பத்துநாலு.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எங்கே போவதானாலும் ரெட் ரோடு வேண்டாம். டாக்ஸியில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் சொல்வோம். இன்றைக்குப் பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

காரணம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். யுத்த காலத்தில் இந்த ரோடுதான் போர் விமானங்களுக்கு ஓடுதளம். அப்பாவுக்கு அப்போது இருபது வயது. நம்மவர்களைப் பைலட்டாகச் சேர்க்க ஆரம்பித்துப் பத்து வருஷம் போல்தான் ஆகியிருந்தது. நாற்பத்துமூன்று ஐப்பசியில் ஒரு நாள் இங்கே இறங்கியபோது ஒரு மாட்டின் மேல் ஏற்றிவிட்டார்.

அந்த விமானங்களுக்கு மூக்கு நீளம். வால் தரையில் தாழ்ந்துவிட்டால் நேர் எதிரே இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நின்று பார்க்கவும் முடியாது. பெட்ரோல் தீர்கிற நிலையில் பின்னாலேயே அடுத்த விமானம் இறங்கும், அதற்குள் ஓடுதளத்தைக் காலி செய்தாக வேண்டும்.

லாக் புக்கில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: இறங்கும்போது மாடு அடிபட்டது, விமானத்துக்குச் சேதமில்லை. பக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் கையொப்பம்.

பிராமணப் பிள்ளை பசுவைக் கொன்றுவிட்டான். வீட்டில் கோதானம் கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் லேக் மார்க்கெட்டில் அகத்திக்கீரை தேடி வாங்கி ஒரு பசுவுக்குக் கொடுக்க வேண்டும். அம்மா கொடுத்தாள். அவளுக்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக நான் கொடுக்கிறேன். அப்பா மட்டும் ஒரு தடவைகூட உடன் வந்ததில்லை.

பர்மா எல்லையிலிருந்து ஓட்டை விழுந்த விமானத்தை மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். மெடல் பீரோவில் இருக்கிறது. யுத்தம் முடிந்த கையோடு ராஜினாமா செய்துவிட்டு ஒரு தேயிலைக் கம்பெனியில் சேர்ந்தார். அதற்கப்புறம் டில்லிக்குக்கூட ரயிலில்தான் போனார். தாத்தா நேருக்கு நேர் வீழ்த்திய ஒரே எதிரி பசுமாடுதான் என்று என் பிள்ளை நரேன் கேலி செய்வான். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

கருவியில் எண்பத்திரண்டு.

"ராஜி, நிறுத்தச் சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் ஊசலாடுகிற நேரத்தில் மாடாவது மண்ணாவது. பேசாமல் சாய்ந்துகொள்ளுங்கள் என்று அவர் தோளை அழுத்தினேன். நிறுத்தாதீர்கள், வேகமாகப் போங்கள் என்று டிரைவரை விரட்டினேன்.

அப்பா கதவுப் பிடியை இழுத்தார்.

ஓடுகிற வண்டியில் கதவு ஒரு சாண் திறந்தது. நான் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பதறிப்போய் ஓரங்கட்டி பிரேக் போட்டார்.

ரெட் ரோட்டில் வண்டியை நிறுத்த யாருக்கும் அனுமதி கிடையாது. அரை நிமிஷத்துக்குள் வெள்ளைச் சீருடையில் ஒரு டிராபிக் சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். டிரைவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் கையை விரித்தார். நான் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன். அப்பா கையைக் காட்டி என்னை அடக்கினார்.

சார்ஜன்ட் திறந்த கதவருகே வந்து, என்ன ஆயிற்று என்று அவரையே கேட்டார்.

போச்சு, மாட்டுக் கதையை ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இந்த மனிதர் சிரிக்கப்போகிறார், அதில் இன்னும் ஐந்து நிமிஷம் போகப்போகிறது.

அப்பா வங்காள மொழியில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஒரு பொம்பளை மேல ஏத்திட்டேன். இடுப்புல குழந்தை இருந்துது. பின்னாடி இன்னொண்ணு வந்துட்டிருந்துது, இறங்கிப் பார்க்காம போயிட்டேன்."

அவர் சட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது.

நாற்பத்துமூன்று, பஞ்சத்து வருஷம். சோறு தேடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இந்த ரோட்டைச் சுற்றியுள்ள மைதானம் பூராவும் விழுந்து கிடந்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அந்த வருஷம் இங்கே மாடு ஏது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சார்ஜன்ட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் முகம் வெளுத்துவிட்டது. இல்லை இல்லை என்று டிரைவர் தலையாட்டுவதை அவர் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். ரோட்டில் முழங்கால் போட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து, வண்டிக்கு அடியில் தேடினார்.

கருவியில் எண்பது.

அப்பாவின் சட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

அப்பா கதவில் சாய்ந்து, சார்ஜன்ட் நிமிர்வதற்காகக் காத்திருந்தார்.