நானூற்றுப் பதின்மூன்று

மலைபோல் அடுக்கிய பழங்கோயிலின் ஐந்தாம் தட்டில், பிரித்த கோபுரத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கற்கள். கடைசிக் கல் ஏறிவிட்டால், கோபுரத்தின் வயிற்று மணலுக்குள் கிடக்கும் சம்ரோன் இனி யார் கண்ணிலும் படமாட்டான். மேஸ்திரி பிசெய் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

சம்ரோன் கற்களுக்கு எண் எழுதுகிறவன். ஒரு தேவதைச் சிலையின் தலையைப் பிசெய் அறுத்து விற்றதைப் பார்த்துவிட்டான். நேற்று மாலை அவன் மண்டையில் சுத்தியல் மூன்று முறை இறங்கியது. நான்காவது அடி தேவைப்படவில்லை.

"சம்ரோன் எங்கண்ணே?" என்று காலையில் கேட்டார்கள்.

"எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு ஓடிட்டான், சோம்பேறிப் பய."

வழக்கம்போல் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டு, கடைசிக் கல்லைச் சங்கிலியில் ஏற்றினார்கள். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. பிசெய் மூச்சு விட்டுத் திரும்பினான்.

சங்கிலி இழுக்கும் வுத்தி சிரித்தான். "அண்ணே, உங்களையும் தூக்கி வச்சிரலாமா? முதுகுல நம்பர் போட்டிருக்கே, நானூத்திப் பதிமூணு!"

"எவன்டா எழுதினது?"

"சம்ரோன் கையெழுத்துதான். மூணுக்கு வால் இழுத்து விடுவானே, அதே வால். எப்பவும் வெள்ளையில எழுதுவான். இது சிவப்பு, இன்னும் காயல."

பிசெய் கோபுரத்தைப் பார்த்தான். கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில், இப்போது ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அவன் இடுப்பில் சங்கிலி இறுகியது. மேலே சங்கிலியின் உருளை சுற்றத் தொடங்கியது. வுத்தியின் இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன.