ஓய்வுச் சீட்டு

நேற்று ஊசி போட்ட ஆப்பிரிக்கத் தவளை, காலைக்குள் தொட்டி நிறைய முட்டையிட்டிருந்தது. ஆய்வகத்தில் தவளைகளைப் பராமரிக்கும் நாச்சியார் முட்டைகளை வடித்து ஆய்வு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, துவண்டு கிடந்த தவளையை ஈரக்கையால் தூக்கி வேறு தொட்டியில் விட்டாள். நாக்கில்லாத தவளை அது. பிடித்த கைக்குள் சத்தமில்லாமல் உதைத்தது. அதே ஊசி மருந்தைத்தான் பிள்ளை வேண்டி அவளுக்கும் ஐந்து முறை போட்டிருக்கிறார்கள். ஐந்தாவதும் போன வாரம் பலிக்காமல் போயிற்று.

கைபேசியில் கணவன் முருகவேள் கூப்பிட்டான். “டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். இந்த மாசமே மறுபடி ஆரம்பிச்சிரலாம்னு சொல்றாங்க. அம்மா நாள்கூடப் பாத்துட்டாங்க.”

“கொஞ்சம் பொறுத்துப் போட்டுக்கலாமேங்க. உடம்பு தாங்கல.”

“வயசு பொறுக்குமா நாச்சி?”

“சரிங்க.”

முட்டையிட்ட தவளைக்கு மூன்று மாதம் ஊசி போடக்கூடாது என்பது ஆய்வகத்தின் சட்டம். தேதி எழுதிய சீட்டு தொட்டியில் இருந்தால் இயக்குநரே வந்து கேட்டாலும் அந்தத் தவளையைத் தரமாட்டார்கள். நாச்சியார் சீட்டு எழுதித் தொட்டியில் ஒட்டினாள். பிறகு இன்னொரு சீட்டைக் கிழித்தெடுத்து, அதிலும் அதே தேதியை எழுதினாள். எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.